சிவப்புக் கோட்டின் மடிப்புகள்

அன்புள்ள தம்பி,

நீ வண்ணம் தீட்டிய வாட்டர்லூ போர்ச் சிப்பாய்ப் பொம்மைகளின் படம் கிடைத்தது. சிவப்பு ஒரே சீராகப் படிந்திருக்கிறது, எங்கும் கோடு தாண்டவில்லை. இருந்தும் பொம்மை தட்டையாகத் தெரிகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறாய். குறை உன் கையில் இல்லை. 28 மில்லிமீட்டர் சிப்பாய் நிஜ ஆளைவிட ஏறக்குறைய 60 மடங்கு சிறியவன். நிஜக் கோட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள மடிப்பு அவன் உடம்பில் 0.2 மி.மீ.கூட வராது. அறை விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் அந்தப் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரிகிற நிழல் விழாது. நாம்தான் நிழலைக் கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டும். அதற்குத்தான் வாஷ் என்கிற நீர்த்த வண்ணப் பூச்சு.

கறுப்பு அக்ரிலிக்கில் தண்ணீரை ஊற்றிப் பூசிப் பார்த்ததாக எழுதியிருந்தாய். முக்கால்வாசிப் பேர் தொடங்குவது அங்கேதான். மடிப்பில் நிழல் வராமல், கோட்டின் சமதளத்தில் வளையம் வளையமாகக் கறை படிந்திருக்கும். மேசையில் சிந்திய காப்பி காயும்போது ஓரத்தில் கறுத்துப்போகிறதே, அதே கதை. துளியின் விளிம்பு சீக்கிரம் காய்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, போகும்போது நிறத்துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள்.

இன்னொரு கெடுதலும் உண்டு. பெயின்ட்டில் நிறத்துகள் மட்டும் இல்லை, அதைப் பிடித்து ஒட்டவைக்கும் அக்ரிலிக் பிசினும் இருக்கிறது. தண்ணீர் ஏற ஏற அந்தப் பிசின் நீர்த்துப்போய்ப் படலமாகச் சேராது. காய்ந்த பிறகு விரலால் தேய்த்தால் நிறம் கையோடு வரும். ஆக, நீர்க்கச் செய்ய வேண்டியது நிறத்தை மட்டும்தான், பிசினை அல்ல. வீட்டில் வாஷ் தயாரிப்பதன் சூட்சுமம் முழுக்க இதில் அடங்கிவிடுகிறது.

ஓவியப் பொருள் கடையில் ‘மேட் மீடியம்’ என்று கேள். நிறம் சேர்க்காத அக்ரிலிக் பெயின்ட் என்று அதை வைத்துக்கொள்ளலாம். ‘ஃப்ளோ இம்ப்ரூவர்’ என்று ஒரு சிறு புட்டியும் வாங்கு. அது தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும், திரவம் முத்துமுத்தாக நிற்காமல் பள்ளத்தைத் தேடி ஓடும். அது கிடைக்காவிட்டால், ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு அந்தத் தண்ணீரைப் பயன்படுத்து. அதற்கு மேல் விட்டால் நுரை வந்து சிப்பாயின் முகத்தில் குமிழ் நிற்கும்.

நிறத்துக்கு அக்ரிலிக் இங்க் உத்தமம், அதன் துகள் மிக நுண்மையானது. பேனா மையைத் தொடாதே. பெரும்பாலும் அது கரையும் சாயம். மேலே வார்னிஷ் பூசும்போது கரைந்து வழியும், வெளிச்சத்தில் வெளுத்தும் போகும்.

20 மி.லி. சொட்டுப் புட்டியில் மீடியம் 8 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 8 மி.லி., ஃப்ளோ இம்ப்ரூவர் இரண்டு சொட்டு விடு. பிறகு இங்க்கைச் சொட்டுச் சொட்டாகச் சேர்: 15 சொட்டில் நிறுத்தி, வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் ஊசியால் கீறல்கள் போட்டு அதன்மேல் தடவிப் பார். கீறல் கறுத்து, சமதளம் இலேசாக மட்டும் மங்கினால் போதும். கீறல் வெளிறியிருந்தால் இன்னும் ஐந்து சொட்டு. கீறலில் வெண்மை பூத்தாற்போல் தெரிந்தால் மீடியம் அதிகம். பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த பொடி அதில் இருக்கிறது, பள்ளத்தில் தேங்கினால் பனி படர்ந்த மாதிரி காட்டும். அந்தப் பொடி அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் புட்டியை நன்றாகக் குலுக்கு. எத்தனை சொட்டு விட்டாய் என்பதைப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டு. இதில் சோம்பல் கூடாது. கடையில் வாங்கும் வாஷே திடீரென்று நின்றுபோகும். நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 2012இல் தன் வண்ண வரிசையை மாற்றியபோது ‘டெவ்லன் மட்’ என்ற பழுப்பு வாஷ் போய்விட்டது. அதை வீட்டிலேயே செய்துகொள்ள எத்தனையோ பேர் இங்க்கும் மீடியமுமாக உட்கார்ந்தார்கள். கையில் அளவு இருந்தால் அந்தக் கவலை நமக்கு இல்லை.

இனி நிறம். கறுப்பை எல்லாவற்றுக்கும் ஊற்றாதே. இதில் நான் பிடிவாதக்காரன். கறுப்பு வாஷ் துப்பாக்கிக் குழலுக்கும் சாம்பல் கால்சட்டைக்கும் சரி. சிவப்புக் கோட்டின் மேல் அது கரி பூசினாற்போல் ஆகும். அங்கே அடர்பழுப்பு போடு, சிவப்பின் சூடு போகாது. முகத்துக்குச் செம்பழுப்பு, அதையும் இன்னும் நீர்க்க வைத்து. மார்பில் குறுக்கே போகும் வெள்ளை வார்களுக்கு இலேசான சாம்பல், அதுவும் விளிம்பை ஒட்டி மட்டும்.

பூசுவதற்கு முன் அடிவண்ணம் முழுதாகக் காய வேண்டும், ஓர் இரவு விட்டுவிடு. முகத்தில் தொடங்கு. தூரிகையில் கொஞ்சமாக எடுத்து ஓரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, கண்குழியில் நுனியை வை. தடவ வேண்டாம், வைத்தால் போதும். வாஷ் தானாக இறங்கி மூக்கின் பக்கவாட்டில் வழிந்து தாடைக்கும் கழுத்துப் பட்டிக்கும் இடையில் போய் நிற்கும். அங்கே சொட்டாகத் திரண்டால், ஈரத்தைப் பிழிந்த வேறொரு தூரிகையின் நுனியை அதன்மேல் வை, மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு உனக்கு அரை நிமிடம்தான் அவகாசம். பாதி காய்ந்ததைத் தொட்டால் படலம் கிழிந்து திட்டாகிவிடும். அப்படி நேர்ந்தால் கையை எடுத்துவிட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு சரிசெய்.

கோட்டின் முதுகுப்புறம் சமதளம் அதிகம், அங்கே வாஷ் தேங்க இடம் தேடும். சிப்பாயை முகம் கீழே பார்க்கும்படி வைத்துக் காயவிடாதே. நிற்கவைத்தே காயவிடு, அப்போதுதான் திரவம் இடுப்பு வாருக்கு அடியில் இறங்கும், நிழல் விழ வேண்டிய இடமும் அதுதான்.

காய்ந்ததும் கோட்டின் சிவப்பு ஒரு படி இருண்டிருக்கும். முதலில் பூசிய அதே சிவப்பைத் தோள், முழங்கை, மார்பு, மடிப்பின் மேடு ஆகிய இடங்களில் மட்டும் திரும்பத் தொடு, பள்ளங்களை விட்டுவிடு. பித்தளைப் பொத்தான்களை அதற்கும் பிறகு வைத்துக்கொள். வாஷ் பட்டால் அவற்றின் பளபளப்பு போய்விடும். மேட் வார்னிஷ் மறுநாள்தான்.

அன்புடன்,
அண்ணன்