சங்கும் சிங்கமும்

22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாத சுவாமியின் இலாஞ்சனம் சங்கு. 24ஆம் தீர்த்தங்கரர் மகாவீர சுவாமியின் இலாஞ்சனம் சிங்கம். ஒன்று கடலடியில் ஊரும் நத்தையினம். மற்றது கானகத்தை அதிரச் செய்யும் விலங்கு.

சங்கு ஈரறிவுயிர். மெய், வாய் என்னும் இரு பொறிகள், வாக்கு, காயம் என்னும் இரு பலங்கள், ஆயுள், உயிர்ப்பு என அதற்குப் பிராணன்கள் 6. தொல்காப்பிய மரபியலும் நந்தினை ஈரறிவுயிர் என்றே வகுக்கின்றது. சிங்கமோ மனமுடைய ஐயறிவுயிர். ஐம்பொறிகள், மனம் சேர்ந்த மூன்று பலங்கள், ஆயுள், உயிர்ப்பு என அதற்குப் பிராணன்கள் 10.

மனம் இருப்பதால் சிங்கம் அறவுரை கேட்கவல்லது. மகாவீரரின் ஆன்மா முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்தபோது, சாரண முனிவர் இருவரின் உபதேசத்தால் நற்காட்சி பெற்றுக் கொலையைத் துறந்தது என்பது புராண வரலாறு. சங்கிற்கு அப்பிறவியில் அவ்வாய்ப்பு இல்லை.

எனினும் வேறுபாடு பொறிகளிலேயன்றி ஆன்மாவில் இல்லை. இரண்டிலும் அனந்த ஞானத்தை மறைத்து நிற்பது வினையே. சிங்கத்திற்கு அஞ்சி விலகுகின்றோம். சங்கின் துன்பமோ நம் செவிக்கு எட்டுவதில்லை. கடையில் மின்னும் வெண்சங்குகளில் பல, உயிருள்ள சங்கைக் கடலினின்றும் எடுத்து, ஊனை நீக்கிப் பெறப்பட்டவை. சிங்கமே துறந்த கொலைக்கு, சிந்திக்கும் நாம் விலை கொடுக்கலாமா?