கால் பெருவிரல் வலியும் யூரிக் அமிலமும்

இரவு நலமுடன் உறங்கச் சென்ற தொழிலாளி, விடியுமுன் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் பொறுக்கவியலாத வலியால் விழிக்கிறார். அன்று அவரால் பெரட்டுக்குச் செல்ல இயலாது. சுளுக்கென எண்ணித் தைலம் தேய்ப்பாரும் உளர். இது 'கௌட்' எனப்படும் கீல்வாதமாக இருக்கலாம். மருந்தகத்தில் காட்டுதல் வேண்டும்.

காரணம்: உணவிலும் உடலணுக்களிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. வெளியேறாது மிகுந்தால், மங்கில் தங்கிய பால் உறைவதுபோல், அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படிகின்றது.

உணவு: ஈரல், மூளை, நெத்திலி, மத்தி, சிப்பி ஆகியவற்றைக் குறைத்திடுக. பீர், சம்சு, இனிப்புப் பானங்களை விலக்குக. பருப்பையும் கீரையையும் அஞ்சி ஒதுக்கத் தேவையில்லை. சிறுநீரக நோய் இல்லாதோர் நீர் நிரம்பப் பருகுக.

மருந்து: உணவுக் கட்டுப்பாடு மட்டும் பலருக்குப் போதாது. வலியைத் தணிக்கும் மாத்திரை வேறு. அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் வேறு. முன்னது சில நாள்களுக்கு. பின்னது மருத்துவர் கூறும்வரை நாள்தோறும். வலி நின்றதென்று பின்னதை நிறுத்துவதே பலர் செய்யும் பிழை. இரத்தத்தில் யூரிக் அமிலம் லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே இருத்தல் வேண்டும். அலோபியூரினோல் உண்ணத் தொடங்கியபின் தோலில் தடிப்புக் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்க. பதிவு பெறாத 'ஜாமு' மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை கண்டறியப்பட்டுள்ளது, அவற்றை நாடற்க.

கவனியாது விட்டால் மூட்டு உருக்குலையும்; சிறுநீரகமும் கெடக்கூடும். நிரைதோறும் நம்மைச் சுமந்து செல்லும் கால்களைக் காப்பது நம் கடமையன்றோ?