கூட இருப்பது காரணமாகிவிடுமா? மாதவிடைவும் நுண்ணுயிரிகளும்

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடத்தை நடத்தும்போது மாதவிடைவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். 45 முதல் 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். நின்ற பிறகு உடலில் என்ன மாறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: "தயிர் சாப்பிட்டா கர்ப்பப்பையில புற்றுநோய் வராதாம் டீச்சர், அம்மா போன்ல வந்துச்சு. நெசமா?"

அந்தச் செய்தியில் பாதி அறிவியல் இருக்கிறது. சிக்கலே அதுதான். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வார்த்தையில் மறுத்துவிடலாம்.

உண்மையான பாதி இது. ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் காலத்தில் பெண்ணின் பிறப்புப் பாதைச் சுவரில் கிளைக்கோஜன் சேர்கிறது. அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அங்கே பி.எச். மதிப்பு 3.8 முதல் 4.5 வரை இருப்பதால் வேறு பல கிருமிகளால் எளிதில் பெருக முடிவதில்லை. மாதவிடைவுக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, கிளைக்கோஜன் குறைகிறது, லாக்டோபேசில்லஸும் குறைகிறது, பி.எச். 4.5-ஐத் தாண்டுகிறது. பால் தயிராவதை வைத்து நாம் நடத்தும் அதே அமில வேதியியல்தான். ஹார்மோன், கார்போஹைட்ரேட், நுண்ணுயிரி, பி.எச். என நான்கு பாடங்களை ஒரே இடத்தில் இணைத்துக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இனி புற்றுநோய்க்கு வருவோம். எண்டோமெட்ரியம் எனப்படும் கருப்பை உட்படலத்தில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடைவுக்குப் பின்னரே வருகிறது. எச்.பி.வி. வைரஸால் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு, இது வேறு. 2016-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு வந்த 31 பெண்களின் மாதிரிகளை ஆராய்ந்தனர். 17 பேருக்குப் புற்றுநோய். 4 பேருக்கு அதற்கு முந்தைய நிலையான உட்படல மிகைவளர்ச்சி. 10 பேருக்குப் புற்றுநோயல்லாத கோளாறுகள். பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்தபோது, அட்டோபோபியம், போர்ஃபைரோமோனாஸ் ஆகிய இரண்டும் சேர்ந்திருப்பதும் பி.எச். உயர்ந்திருப்பதும் புற்றுநோயோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. அதே குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நுண்ணுயிர்த் தொகுதியின் அமைப்பைத் தீர்மானிப்பதில் மாதவிடைவு முக்கியக் காரணி என்றும், போர்ஃபைரோமோனாஸ் சோமரே என்னும் இனம் புற்றுநோயை அதிகம் சுட்டுவது என்றும் கண்டனர்.

இந்த இடத்தில் நான் வகுப்பை நிறுத்திவிடுவேன். "அப்படியானால் பாக்டீரியாதான் காரணமா?" என்று கேட்டால் முக்கால்வாசிக் கைகள் உயரும். பிறகு ஒரே ஒரு தகவலைக் கொடுப்பேன்: இரத்தத்தின் பி.எச். ஏறத்தாழ 7.4. கட்டியிலிருந்து இரத்தம் கசிந்தால் சுற்றுப்புறத்தின் அமிலத்தன்மை தானாகக் குறையும். அமிலம் ஒவ்வாத பாக்டீரியாக்கள் அதன் பிறகு குடியேறியிருக்கலாம். அல்லது மாதவிடைவே இரண்டையும் தனித்தனியே கொண்டு வந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. கருப்பைக்குள் பாக்டீரியாக்கள் மிகக் குறைவு. மாதிரி எடுக்கும் வழியிலோ சோதனை வேதிப்பொருளிலோ கலக்கும் பாக்டீரியா டி.என்.ஏ.கூட முடிவை மாற்றிவிடக்கூடும்.

'உடன் காணப்படுகிறது' என்பதிலிருந்து 'காரணமாகிறது' என்பதற்குப் போகும் வழி நீளமானது. ஹெலிகோபாக்டர் பைலோரி இரைப்பை அழற்சியை உண்டாக்குகிறது என்று காட்ட பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமி வளர்ப்பைத் தாமே குடித்தார். ராபின் வாரனுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2005-இல். கருப்பை உட்படல ஆய்வு இன்னும் முதல் படிகளில்தான் நிற்கிறது. உறுதியாகத் தெரிந்த காரணங்கள் வேறு: புரோஜெஸ்டிரான் துணையின்றி நீடிக்கும் ஈஸ்ட்ரோஜன், உடல் பருமன், நீரிழிவு, சில குடும்பங்களில் மரபுவழிக் குறைபாடு. அண்டகம் ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனை உருவாக்கிக்கொண்டிருப்பதால்தான் பருமன் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

தயிரைப் பற்றி? தயிரில் வாழும் இனங்களும் பிறப்புப் பாதையில் வாழும் லாக்டோபேசில்லஸ் இனங்களும் பெரும்பாலும் வேறு வேறு. தயிர் இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்பது நிறுவப்படவில்லை. தயிர் நல்ல உணவு, அவ்வளவுதான்.

அந்தச் செய்தியில் எனக்குப் பிடிக்காதது தயிர் அல்ல, அது சொல்லாமல் விட்டது. மாதவிடாய் நின்று 12 மாதங்கள் கழிந்த பின் வரும் இரத்தப்போக்கை நம் வீடுகளில் "சூடு" என்று சொல்லி மோர் குடிக்க வைக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த, 129 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு ஒன்று இரண்டு எண்களைத் தருகிறது. இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு மாதவிடைவுக்குப் பிந்தைய இரத்தப்போக்கு இருந்தது. ஆனால் அத்தகைய இரத்தப்போக்கு வந்தவர்களில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினருக்கே புற்றுநோய். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றும். மேல்நிலை வகுப்பின் நிபந்தனை நிகழ்தகவுக்கு நேரடிக் கணக்கு இது. பயந்து ஒளியத் தேவையில்லை, தள்ளிப்போடவும் கூடாது என்பதை இந்த இரு எண்களே சொல்லிவிடுகின்றன. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் விடை தந்துவிடும். தொடக்கத்திலேயே தெரிந்தால் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையில் குணமடைகிறார்கள்.

மாதவிடைவு என்று கரும்பலகையில் எழுதியதும் இப்போது அதன் கீழே இன்னொரு வரியும் எழுதுகிறேன்: 'நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.' மாணவர்களும் மாணவிகளும் நோட்டில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.