சாய்துளைக் கிணறும் துளைக்கோலின் பாரமும்

வவுனியா போன்ற கடும்பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர், பாறையின் உக்கிய மேற்படையிலும் ஆழத்திலுள்ள வெடிப்புகளிலுமே தங்கியிருக்கும். வெடிப்புகள் நிலைக்குத்தாக அமைந்திருப்பின், நேராக இறங்கும் குழாய்க்கிணறு அவற்றைத் தொடாமலே சென்றுவிடக்கூடும். சாய்வாக இறங்கும் துளை அவற்றைக் குறுக்கே வெட்டும். ஆயினும், சாய்துளைக்குப் பாரக் கணக்கு வேறு என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

வெட்டுமுனை பாறையை அரைப்பதற்கு, அதற்கு மேலுள்ள தடித்த பாரக்கோல்களின் நிறை அதனை அழுத்த வேண்டும். துளை சாயும்போது அந்நிறையின் ஒரு பகுதி கீழ்ச்சுவரில் தங்கிவிடும். நிலைக்குத்திலிருந்து 15 பாகை சாய்ந்தால் நிறையின் 97 வீதமும், 30 பாகையில் 87 வீதமும், 45 பாகையில் 71 வீதமுமே துளையின் வழியே அழுத்தும்.

நீர் பாய்ச்சித் துளையிடும்போது உருக்குக் கோல் தன் நிறையில் எட்டிலொரு பங்கை நீரில் இழக்கும். எஞ்சுவது 87 வீதமாகும். காற்றினால் துளையிடும் உலர்ந்த துளையில் இக்கழிவு இல்லை.

உதாரணம்: வெட்டுமுனைக்கு 1,000 கிலோகிராம் பாரம் தேவை, துளை 30 பாகை சாய்ந்தது, நீர் பாய்ச்சப்படுகின்றது.

1. 1,000-ஐ 0.87-ஆல் இருமுறை வகுக்க, ஏறத்தாழ 1,320 கிலோகிராம் வரும். முதல் வகுத்தல் சாய்வுக்கும் இரண்டாவது நீருக்கும் உரியன.
2. பாரக்கோல்களின் முழு நிறையையும் முனைமீது இறக்கலாகாது. 15 வீதத்தை மீதியாக வைத்தற்கு 1,320-ஐ 0.85-ஆல் வகுக்க, ஏறத்தாழ 1,550 கிலோகிராம் வரும். இந்நிறையுள்ள பாரக்கோல்களே வேண்டும்.

பாரம் குறைந்தால் முனை பாறையைத் தேய்க்குமேயன்றி வெட்டாது. காலமும் கூலியும் வீணாகும். அக்குறையை நிரப்ப மேலிருந்து மிகையாக அழுத்தினால் மெல்லிய கோல்கள் வளைந்து, துளையும் கோணும். கோணிய துளையில் உறைக்குழாயும் நீர்ப்பம்பியும் இறங்கா.

கூலி துளையின் நீளத்திற்கே கணக்கிடப்படுமாயின், 30 பாகை சாய்ந்த 60 மீற்றர்த் துளை 52 மீற்றர் ஆழத்தையே அடையும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது. ஆகையால், வேலை தொடங்குமுன் சாய்வு எத்தனை பாகை, முனைக்கு வேண்டிய பாரம் எவ்வளவு, பாரக்கோல்களின் நிறை எவ்வளவு என்னும் மூன்றையும் துளையிடுவோரிடம் கேட்டறிந்து, மேற்கூறியவாறு கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.