காட்டுப்பூனைத் தோட்டா வந்த கதை

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் ஷெட்டில் உட்கார்ந்து, சுட்டு முடித்த தோட்டா உறைகளை ஒரு கைப்பிடி மெஷினில் வைத்து அழுத்தி, வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 'வைல்ட்கேட்' என்றார். கடையில் தோட்டா கிடைக்கும்போது இது எதற்கு? இந்தப் பழக்கம் எப்படி வந்தது?
— வாசகர், தென்காசி

பதில்: உலோக உறை வருவதற்கு முன் தோட்டா என்பது வெறும் காகிதப் பொட்டலம். 1857 கிளர்ச்சிக்குப் பொறி வைத்ததும் அந்தக் காகிதத்தில் தடவிய கொழுப்பைப் பற்றிய அச்சம்தான். ஒரு முறை சுட்டால் காகிதத்தின் கதை முடிந்தது. பித்தளை அப்படியல்ல. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்த உறை, வெடிக்கும் நொடியில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; அழுத்தம் குறைந்ததும் சற்றே சுருங்கி வெளியே வந்துவிடும். மறுபடி பயன்படுத்தலாம்.

ஆனால் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைத்த பழைய பிரைமரை எடுத்தாக வேண்டுமே! 1866-இல் பிரைமரைப் பொருத்த இரண்டு வழிகள் பிறந்தன. அமெரிக்கரான பெர்டனின் முறையில் உறையின் அடியில் இரண்டு சிறு துளைகள், ஓரமாக இருக்கும். ஆங்கிலேயரான பாக்ஸரின் முறையில் நட்டநடுவே ஒரே துளை. மேலிருந்து ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் பிரைமர் கழன்று விழுந்துவிடும். அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுக்காரரின் முறையை விட்டு பாக்ஸர் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பொழுதுபோக்கு அந்த ஒற்றைத் துளையில்தான் தொடங்குகிறது என்பேன்.

உறையை உருமாற்றும்போது பித்தளை இறுகிவிடும். குடம் அடிக்கும் கன்னார் நடுநடுவே உலையில் காட்டி எடுப்பது போல, இவர்களும் உறையின் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குவார்கள். இந்த இடத்தில் நம் ஊர் மழைக்காலத்தைச் சொல்லாமல் போக முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டா உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, உள்ளிறுக்கத்தோடு இருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. 1921-இல்தான் காரணம் தெளிவாக விளங்கியது. உலோகவியலில் இன்றும் அதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தருகே நீலம் பாய்ந்தாற்போல் தெரிவது, அந்த உள்ளிறுக்கத்தைப் போக்கி இளக்குவதற்குக் காட்டிய சூட்டின் அடையாளம்.

இனி பூனை. அமெரிக்கப் பேச்சில் 'வைல்ட்கேட்' என்றால் முறையான அங்கீகாரம் இல்லாதது. பின்பலம் இல்லாமல் நோட்டு அச்சடித்த பழைய வங்கிகளை அப்படித்தான் அழைத்தார்கள். எந்தத் தொழிற்சாலையின் பட்டியலிலும் இல்லாத தோட்டாவுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .30-06 தோட்டாவின் உறைகள் எங்கும் மலிவாகக் கிடைத்தன. 1920 வாக்கில் நீட்னர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் அதன் கழுத்தைச் சுருக்கி .25-06 ஆக்கினார். ரெமிங்டன் நிறுவனம் அதைத் தன் தயாரிப்பாக எடுத்துக்கொண்டது 1969-இல்! பி.ஓ. ஆக்லி என்ற இன்னொரு துப்பாக்கிக் கைவினைஞர் வேறொரு வழியைப் பரவலாக்கினார். துப்பாக்கியின் அறையையே புதிய வடிவத்தில் குடைந்துவிட்டு, சாதாரணத் தோட்டாவை அதில் போட்டுச் சுடுவது. உறை உப்பிப் புது வடிவம் பெறும், துப்பாக்கியே அச்சு. அவர் பெயர் தாங்கிய .280 தோட்டா 2007-இல் அந்நாட்டுத் தொழில்துறையின் தரப்பட்டியலில் ஏறியது. அவர் அப்போது உயிரோடு இல்லை.

கடையில் கிடைக்காததாலும் செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் கொண்டுவந்த ஜப்பானிய அரிசாகா துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் எளிதில் தோட்டா கிடைக்கவில்லை. 63 மில்லிமீட்டர் நீள .30-06 உறையை 58-க்கு நறுக்கி, அச்சில் அழுத்தி உருவாக்கிக்கொண்டார்கள். கேட்பாரற்ற ஒரு பழைய பொருளை உழைக்க வைக்கும் அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இது விளையாட்டல்ல. கழுத்தைச் சுருக்கும்போது பித்தளை தடித்துவிடும். தடித்த கழுத்து குண்டை விடாமல் பிடித்துக்கொண்டால் அழுத்தம் எகிறும். அதனால்தான் தெரிந்தவர்கள் ஒவ்வொரு கழுத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து சீவுகிறார்கள்.

கேள்வி: நம் நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர் இப்படித் தோட்டா செய்துகொள்ளலாமா?
— அதே வாசகர்

பதில்: கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தரும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது.