இரண்டாம் திரை இருண்டுவிட்டால்

விசைப்பலகைக்கு மேற்பகுதியில் துணைத் திரையொன்றைப் பதித்த ஜென்புக் டுவோ என்னும் மடிக்கணினியை, தைவான் நாட்டு ஆசஸ் நிறுவனம் 2019-ஆம் ஆண்டு தைபே நகரில் நடந்த கணினிக் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. அதன் முதல் திரை 14 அங்குலம். துணைத் திரை 12.6 அங்குலம். நிலப்படத்தை மேலும் அளவீட்டு அட்டவணையைக் கீழுமாக வைத்துப் பணிபுரிவோர்க்கு இவ்வமைப்பு பெரிதும் வசதியானது. ஆனால் கீழ்த் திரை திடீரென இருண்டதும் கணினியின் மென்பொருள் முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடுவோர் உளர். இதனால் பல நாள் சேகரித்த விவரங்கள் மறைந்து போவதுண்டு. திரையோ இருண்டபடியே இருப்பதுமுண்டு.

முதலில் அறிய வேண்டுவது, அத்திரைக்குரிய படத்தைக் கணினி உருவாக்குகிறதா என்பதே. இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. விண்டோஸ் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால், திரைக் காட்சி ஒரு படமாகச் சேமிக்கப்படும். அப்படத்தைத் திறந்து பார்க்கையில் இரு திரைகளின் காட்சியும் காணப்படின், கணினி தன் வேலையைச் செய்கிறது. குறை அதற்கு அப்பால் உள்ளது. முதல் திரை மட்டுமே காணப்படின், குறை பெரும்பாலும் அமைப்பிலோ திரையை இயக்கும் மென்பொருளிலோ இருக்கும்.

பின்னதில், துணைத் திரைக்கெனவுள்ள தனி விசை தவறுதலாக அழுத்தப்பட்டதா என்று பார்ப்பது முதற்கடன். அடுத்து விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையை அழுத்தி, ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதுவும் பயன் தராவிடில், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், ‘பி’ ஆகிய நான்கையும் ஒருங்கே அழுத்தலாம். இந்த ‘பி’, ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து. முன்னர்ச் சொன்னது பதினாறாம் எழுத்து. திரை ஒருமுறை சிமிட்டிக் காட்சி இயக்கி மீண்டும் தொடங்கும். இதன் பின்னரும் பலனில்லையேல் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும். கணினியை நிறுத்தி மீண்டும் போடுவது இதற்கு ஈடாகாது. விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினியில், நிறுத்தும்போது அமைப்பின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படுகிறது; பழுதுற்ற நிலையும் உடன் வந்துவிடக்கூடும்.

முன்னதில், அதாவது படம் உருவாகியும் கண்ணுக்குத் தெரியாதபோது, துணைத் திரையின் ஒளியளவைப் பார்க்க வேண்டும். அது முதல் திரையினின்றும் தனியே கூட்டிக் குறைக்கப்படுவது. திரவப் படிகத் திரை தானாக ஒளி தருவதன்று. பின்னுள்ள சிறு விளக்குகளின் ஒளியை ஆங்காங்கே தடுத்தும் விடுத்தும் உருவங்காட்டுவது. ஆகவே அறையை இருளாக்கி, டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் மங்கலான எழுத்துக்கள் தென்படுமாயின், பழுது பின்னொளியில். ஓஎல்இடி திரைக்கு இச்சோதனை பொருந்தாது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளியே இல்லை. மூடியைத் திறந்து மூடும்போதோ, 2021 முதல் வந்த சாய்ந்தெழும் துணைத் திரையின் கோணம் மாறும்போதோ காட்சி வந்து வந்து மறைந்தால், மெல்லிய இணைப்பு நாடாவை ஐயுறலாம். அதைப் பிரித்துப் பார்ப்பது பழுது நிலையத்தாரின் வேலை.

2024-இல் வெளிவந்த மாதிரியில் விசைப்பலகை தனியே கழன்று வரும். அதைக் கீழ்த் திரையின் மீது வைத்தால் அத்திரை தானே அணைந்துவிடும்; இது பழுதன்று.

எந்நிலையிலும் முதல் திரை நன்றாயிருக்கும்போதே விவரங்களை வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொண்டு, அதன் பின்னரே இயக்கியை மாற்றவோ கணினியைப் பழுதுபார்க்க அனுப்பவோ வேண்டும்.