நான்காம் கூறு: முதியோர் நலக் கொள்கைக்கு ஜப்பான் தரும் பாடம்

முன்னுரை

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் பக்கத்திருந்து பணி செய்பவன் என்பன அவை. முதல் மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். 'உழைச்செல்வான்' எனப்படும் நான்காமவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வைத்து எண்ணியிருப்பது நம் சிந்தனைக்குரியது. 'உழை' என்பதற்குப் பக்கம் என்பது பொருள்.

இன்றைய நலவாழ்வுக் கொள்கைகள் மருத்துவமனைகளைக் கணக்கிடுகின்றன, மருத்துவர்களைக் கணக்கிடுகின்றன, மருந்துக்கு நிதி ஒதுக்குகின்றன. பக்கத்திருப்பவரை மட்டும் 'வீட்டார் பார்த்துக்கொள்வர்' என்று விட்டுவிடுகின்றன. இளமையில் வரும் நோய்க்கு இக்குறை பெரிதாகத் தோன்றாது. முதுமையிலோ இக்குறை ஒன்றே கொள்கை முழுவதையும் குலைத்துவிடும். இதனை, உலகில் மிகுதியாக மூப்பெய்திய நாடுகளுள் ஒன்றான ஜப்பானின் வரலாறு கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நலமான முதுமை எது?

மூப்பு வேறு, பிணி வேறு. தமிழ் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்களை வைத்துள்ளது. உலக நலவாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் நோயின்மையை நலமான முதுமைக்கு அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒருவர் தாம் மதிப்பனவற்றைச் செய்து வாழ்வதற்குரிய செயல்திறனையே அளவுகோலாகக் கொண்டது. அத்திறன் உடலாலும் உள்ளத்தாலும் மட்டும் அமைவதன்று. வீடு, தெரு, உடனிருக்கும் மக்கள் ஆகிய சூழலாலும் அமைவது.

நீரிழிவுள்ள மூதாட்டி ஒருவர் மருந்துண்டு, தாமே கடைக்குச் சென்று, பேரப்பிள்ளைகளோடு உரையாடி வாழ்வாராயின், அவர் நலமாக மூப்பெய்துகின்றார். நோய் ஏதும் இல்லாத முதியவர், படியிறங்கக் கைகொடுப்பார் இன்றி ஆண்டுக்கணக்கில் மாடியறையிலேயே அடைபட்டிருப்பாராயின், அவரை நலமுடையவர் என்று சொல்ல இயலாது. ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான காலத்தை நலமான முதுமைக்குரிய பத்தாண்டாக அறிவித்ததும் இக்கருத்தை ஒட்டியே ஆகும்.

இலவச மருத்துவம் தந்த பாடம்

ஜப்பானில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 1970இல் நூற்றுக்கு 7 பேராக இருந்தனர். 1994இல் 14 பேராயினர். இந்நாளில் ஏறத்தாழ 29 பேராக உள்ளனர். இம்மாற்றத்தின் தொடக்கத்திலேயே இலக்கியம் விழித்துக்கொண்டது. சவாகோ அரியோஷி என்னும் பெண் எழுத்தாளர் 1972இல் எழுதிய புதினம், நினைவு தடுமாறிய மாமனாரைத் தம் அலுவலகப் பணிக்கிடையே பேணும் மருமகளின் துயரைச் சொல்லிற்று. அந்நூல் மிகப் பெரும் எண்ணிக்கையில் விற்பனையாகி, அதுவரை வீட்டுக்குள் மறைந்திருந்த துன்பத்தை ஊரறியப் பேச வைத்தது.

அடுத்த ஆண்டே, அதாவது 1973இல், ஜப்பானிய அரசு 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு மருத்துவத்தை இலவசமாக்கியது. நோக்கம் உயர்ந்தது. ஆயின் மருத்துவமனைப் படுக்கை இலவசமாகக் கிடைத்ததேயன்றி, வீட்டிற்கு வந்து குளிப்பாட்டவோ உணவூட்டவோ உதவுவார் போதிய அளவில் கிடைக்கவில்லை. விளைவு என்ன? மருத்துவமே தேவைப்படாத முதியோர் பலர், பேணுவார் இன்மையால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மாதக்கணக்கில் கிடந்தனர். இதற்குச் 'சமூகக் காரணச் சேர்க்கை' என்று ஒரு பெயரே அந்நாட்டில் வழங்கலாயிற்று. நடக்க வல்லவரும் படுத்தே கிடந்து கால்வலிமை இழந்தனர். செலவும் கட்டுக்கடங்காது பெருகியது. 1982இல் இயற்றப்பட்ட சட்டத்தால் முழு இலவசம் முடிவுக்கு வந்தது. மூன்று கூறுகளுக்கு வாரி வழங்கி நான்காம் கூறை மறந்த கொள்கை, தான் காக்க எண்ணியவரையே நலிவுறச் செய்தது என்பது இதனால் பெறப்படும்.

நான்காம் கூறுக்கு ஒரு சட்டம்

1989இல் வகுக்கப்பட்ட பத்தாண்டுத் திட்டம் வீட்டு உதவியாளர்களையும் பகல்நேரப் பேணலகங்களையும் பெருக்க முற்பட்டது. பின்னர் 1997இல் இயற்றப்பட்ட நெடுங்காலப் பேணல் காப்பீட்டுச் சட்டம் 2000 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 40 வயது நிறைந்த அனைவரும் இதற்குச் சந்தா செலுத்துகின்றனர். பயனாளி செலுத்தும் பங்கு நீங்கலான செலவில் ஒரு பாதியைச் சந்தாவும் மறுபாதியை வரிப்பணமும் ஏற்கின்றன. நிருவாகப் பொறுப்பு ஊராட்சி, நகராட்சி அமைப்புகளைச் சார்ந்தது.

இத்திட்டத்தில் ஒருவர்க்கு உதவி தேவையா என்று முடிவு செய்ய 74 வினாக்கள் உள்ளன. படுக்கையில் புரள முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்ள முடிகிறதா, இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா, பணத்தைக் கையாள முடிகிறதா என்பன போன்றவை அவ்வினாக்கள். 'உனக்கு என்ன நோய்?' என்பதினும் 'உன்னால் என்ன இயலும்?' என்பதே முதன்மை பெறுவதைக் காண்கிறோம். மருத்துவரின் கருத்தும் பெற்று, ஒரு குழு தேவையின் படிநிலையை வரையறுக்கின்றது.

சட்டம் உருவானபோது எழுந்த வாதம் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. 1995இல் ஜெர்மனி தொடங்கிய இத்தகைய காப்பீடு, பேணும் குடும்பத்தார்க்குப் பணம் பெறும் வாய்ப்பையும் அளித்தது. ஜப்பானியப் பெண்கள் அமைப்புகளோ அதனை எதிர்த்தன. பணம் கொடுத்தால் மருமகள் முன்போலவே அடுக்களைக்கும் படுக்கைக்கும் இடையே கட்டுண்டு கிடப்பாள். வேண்டுவது ஆள்துணையே என்பது அவர்தம் வாதம். ஆதலின் அங்குப் பணமாக அன்றிப் பணியாகவே உதவி வழங்கும் முறை ஏற்பட்டது. நாவலில் புலம்பிய மருமகளுக்குச் சட்டம் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து மறுமொழி கூறிற்று எனலாம்.

நோய் வருமுன் காத்தலும் மறக்கப்படவில்லை. எண்பது வயதிலும் இருபது பற்கள் இருத்தல் வேண்டும் என்னும் இயக்கம் 1989இல் தொடங்கியது. மெல்ல முடிந்தவர் உண்பர். உண்பவர் வலுவிழவார் என்பது அதன் எளிய தருக்கம். 2016ஆம் ஆண்டு ஆய்வில் எண்பது வயதினருள் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வெல்லையை எட்டியிருந்தனர்.

ஆயினும் ஜப்பானின் வழி முட்களற்றதன்று. 65 வயதினர் செலுத்தும் சராசரி மாதச் சந்தா 2000இல் 2,911 யென்னாக இருந்து 2024இல் 6,225 யென்னாக உயர்ந்துள்ளது. பேணும் பணிக்குப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. நான்காம் கூறுக்கும் விலையுண்டு. அதனை யார் தருவது என்பதை வெளிப்படையாகப் பேசித் தீர்த்தல் வேண்டும் என்பதையும் அந்நாடே நமக்கு உணர்த்துகின்றது.

நமக்குரிய செய்தி

2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் அறுபது கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழகத்திலோ 10.4 பேர். 2024 அக்டோபரில் எழுபது வயது நிறைந்த அனைவர்க்கும் வருமான வேறுபாடின்றி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்பீட்டை நடுவண் அரசு விரிவுபடுத்தியது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மருத்துவமனைக்கு மட்டும் வழிதிறந்து, வீட்டுப் பேணலுக்கு வழி செய்யாவிடின், 1973இன் ஜப்பானாக நாமும் ஆகிவிடுவோம். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மருந்தோடு இயன்முறை மருத்துவத்தையும் வலி தணிக்கும் பணியையும் இல்லத்திற்கே கொண்டு சென்றது. நோயாளியின் பக்கம் செல்லும் நெறி நமக்குப் புதியதன்று என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

கொள்கை வகுப்பது மருத்துவர்க்கும் பொருளியலார்க்கும் மட்டுமே உரிய பணி என்று தமிழ் பயிலும் மாணவர் ஒதுங்கிவிடலாகாது. 'உங்களால் என்ன இயலும்?' என்னும் வினாவை ஒரு மூதாட்டியிடம் அவர்க்கு விளங்கும் தமிழில், அவர் நாணாதவாறு கேட்பதற்கு மொழியறிவு வேண்டும். முதியவரைப் 'பாரம்' என்றும், பேணுபவரை 'வீட்டில் சும்மா இருப்பவர்' என்றும் குறிக்கும் சொற்களை நம் எழுத்திலிருந்து நீக்குவதும் நம் கடமையே. பெரும்பாலும் மகளாகவும் மருமகளாகவும் மனைவியாகவும் நின்று உறக்கம் துறக்கும் அந்த நான்காமவர், எந்தக் கணக்கேட்டிலும் இதுவரை உரிய இடம் பெறவில்லை. அவரையும் எண்ணும் கொள்கையே முதுமைக்குத் துணைநிற்கும் கொள்கையாகும்.